ஆச்சி பார்த்த ரெஸ்லிங், மகள் பார்க்கும் ரெஸ்லிங்

ரெஸ்லிங் வீரர் அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்பதில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. இதுவரை எத்தனை செலவாகியிருக்கிறது, மிச்சம் எத்தனை என்பதில்தான் சண்டை. 1994 ஜனவரியில் நடந்த ராயல் ரம்பிள் நிகழ்ச்சியில் எதிரி யோகோசூனாவும் அவரோடு சேர்ந்த கும்பலும் அவரைச் சவப்பெட்டிக்குள் தள்ளி மூடினார்கள். பெட்டியிலிருந்து புகை வந்தது. அரங்கத்தின் பெரிய திரையில் அவர் முகம் தோன்றிப் பேசியது. பிறகு அவர் உருவம் கூரையை நோக்கி மேலே மேலே போனது. எங்கள் கணக்கில் அது ஒரு உயிர். அதே ஆண்டு ஆகஸ்டில், சம்மர்ஸ்லாமில், அண்டர்டேக்கரும் அண்டர்டேக்கரும் மோதினார்கள். ஒருவர் போலி. போலியாக வந்த பிரையன் லீதான் 1996இல் 'கிலாடியோன் கா கிலாடி' என்ற இந்திப் படத்தில் அக்‌ஷய் குமாரோடு மோதியவர் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? அசல் அண்டர்டேக்கரையே அக்‌ஷய் குமார் தோற்கடித்துவிட்டதாக நம்பி, என் அண்ணன் அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

நான் வளர்ந்தது பாளையங்கோட்டையில். தூர்தர்ஷன் மட்டும் தெரிந்துகொண்டிருந்த பெரியப்பா வீட்டு டிவியில், 1990களின் தொடக்கத்தில் கேபிள்காரர் வந்து ஒரு கறுப்பு ஒயரைச் சொருகிவிட்டுப் போனார். ஸ்டாரின் விளையாட்டுச் சேனலுக்கு முதலில் பிரைம் ஸ்போர்ட்ஸ் என்று பெயர், பிறகு ஸ்டார் ஸ்போர்ட்ஸ். அதில்தான் டபிள்யூ.டபிள்யூ.எஃப்., அதாவது இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ., வந்தது. அப்பாவின் தலைமுறைக்குத் தாராசிங்கும் கிங்காங்கும் இருந்தார்கள். நாங்கள் எதிர்த்துப் பேசினால், "பெரிய தாராசிங்னு நெனப்போ?" என்பார். அந்தப் பெயர் ஊர்ப் பேச்சில் கரைந்தே போயிருந்தது. எங்களுக்கு வாய்த்தவர்கள் பிரெட் ஹார்ட், ரேசர் ரமோன், ஷான் மைக்கேல்ஸ், பிரிட்டிஷ் புல்டாக். வர்ணனை ஆங்கிலத்தில் ஓடும். பாதிக்கு மேல் விளங்காது. விளங்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நல்லவன் யார், கெட்டவன் யார் என்பது அவர்கள் நடந்துவரும் நடையிலேயே தெரிந்துவிடும். பிரெட் ஹார்ட் தன் கண்ணாடியைக் கழற்றி முன்வரிசையில் நிற்கும் ஒரு குழந்தைக்கு மாட்டிவிடுவார். அந்தக் குழந்தையாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கிய பிள்ளைகள் எங்கள் தெருவில் மட்டும் நிறையப் பேர்.

அப்புறம் ட்ரம்ப் கார்டுகள். பெட்டிக்கடையில் கிடைக்கும். ஒவ்வொரு கார்டிலும் ஒருவர் படம். அதன் கீழே ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், மோதிய போட்டிகள் எத்தனை, ஜெயித்தவை எத்தனை. எடை என்று கேட்டால் யோகோசூனாவையோ எர்த்க்வேக்கையோ மிஞ்ச ஆளில்லை. உயரம் என்றால் ஜெயன்ட் கொன்சாலஸ். பதினாறாம் வாய்ப்பாடு மறந்துபோகும். எர்த்க்வேக்கின் எடை மறக்காது. கொன்சாலஸை 8 அடி என்று அறிவித்தார்கள். உண்மையில் சில அங்குலங்கள் குறைவு. அர்ஜென்டினாக்காரர், கூடைப்பந்து வீரர். 1988இல் அமெரிக்காவின் அட்லான்டா ஹாக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அங்கே ஆட வழியில்லாமல் மல்யுத்தத்துக்கு வந்து சேர்ந்தார். தசைகள் வரைந்து, ஆங்காங்கே ரோமம் ஒட்டிய ஓர் உடைக்குள் அந்த மனிதரைப் புகுத்தி 1993 ரெஸில்மேனியா நிகழ்ச்சியில் அண்டர்டேக்கருக்கு எதிரே நிறுத்தினார்கள். இதெல்லாம் நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று அவர் எங்களுக்கு அசைக்க முடியாத ஒரு கார்டு.

அந்தக் காலத்து ரெஸ்லிங்கில் நான் இன்றும் விரும்பி நினைப்பது, அங்கே எல்லோருக்கும் ஒரு தொழில் இருந்ததை. பிக் பாஸ்மேன் சிறைக் காவலர். இடுப்பில் லத்தியோடு வருவார். ஐ.ஆர்.எஸ். வருமான வரி அதிகாரி. டையும் கட்டி, பெட்டியும் தூக்கிக்கொண்டு வந்து கூட்டத்தைப் பார்த்து, வரி ஏய்ப்பவர்களே என்று திட்டுவார். குப்பை அள்ளுபவர் ஒருவர், பன்றி வளர்ப்பவர் ஒருவர், கார் பந்தயக்காரர் ஒருவர், கோமாளி ஒருவர், பல் டாக்டர் ஒருவர். பிணம் அடக்கம் செய்பவர்தான் எல்லோருக்கும் மேலே. சிலருக்கு வேடமும் வாழ்க்கையும் ஒட்டியே இருந்தன. பாஸ்மேன் ஜார்ஜியா மாநிலத்தில் நிஜமாகவே சிறைக் காவலராக வேலை பார்த்தவர். கையில் கலசத்தோடு அண்டர்டேக்கருக்கு முன்னால் நடந்துவந்த பால் பேரர், பிணத்தைப் பதப்படுத்தி அடக்கம் செய்யும் தொழிலுக்கு முறைப்படி உரிமம் பெற்றவர். பல் டாக்டராக வந்தவர் முகமூடி மாட்டி 1997 அக்டோபரில் அண்டர்டேக்கரின் தம்பி கேனாக வந்து இறங்கினார். அவர் 2018இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நாக்ஸ் கவுன்ட்டிக்குத் தேர்தலில் நின்று மேயராகவே ஆகிவிட்டார்.

இன்று வருகிறவர்கள் எல்லோருமே மல்யுத்த வீரர்களாக வருகிறார்கள். நல்ல உடற்கட்டு, அபாரமான பயிற்சி. அன்று யாரும் யோசித்துக்கூடப் பார்க்காத தாவல்களை ஒவ்வொரு வாரமும் தாவுகிறார்கள். கலையாக மட்டும் எடைபோட்டால் இன்றைய சராசரிப் போட்டி அன்றைய சராசரிப் போட்டியைவிடப் பல மடங்கு மேல். பழையதை மறுபடி போட்டுப் பார்த்தால், கழுத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும் நிமிடங்கள் எத்தனை என்று வியப்பாக இருக்கிறது. ஆனாலும் கேமரா அணைந்த பிறகு இவர்கள் எந்த வேலைக்குத் திரும்பிப் போவார்கள் என்று கற்பனை செய்ய என் மகளுக்கு எதுவும் மிச்சமில்லை. எங்களுக்கு இருந்தது. ஐ.ஆர்.எஸ். திங்கட்கிழமை ஆபீஸ் போவார் என்றே நான் நினைத்திருந்தேன்.

ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பா வீட்டில் ரெஸ்லிங்குக்கு முதல் ஆளாக வந்து உட்காருபவள் அவள்தான். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "ஏலே, சுடலை வந்துட்டானா?" என்பாள். சுடலைதான் அண்டர்டேக்கர். விளக்கெல்லாம் அணைந்து மணியடித்து, கறுப்புத் தொப்பியோடு ஒருவர் சுடுகாட்டு நடை நடந்து வந்தால் பாளையங்கோட்டைப் பக்கத்து ஆச்சி வேறு என்ன பெயர் வைப்பாள்? கெட்டவன் பின்னாலிருந்து நாற்காலியோடு வரும்போது டிவியைப் பார்த்துக் கத்துவாள்: "பின்னால வாராம்லா, திரும்பிப் பாருடா! சவத்த மூதி, திரும்பிப் பாக்கானா பாரு!"

ஒருநாள் ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா, இதெல்லாம் ஏமாற்று, முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு அடிக்கிறார்கள் என்று ஆச்சியிடம் விளக்கினார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "கொடைக்குக் கொடை வில்லுப்பாட்டுல முத்துப்பட்டன் கதை கேக்கோம். அவன் சாகப்போறான்னு தெரியாமலா கேக்கோம்? தெரிஞ்சுதாம்லா அழுதோம்."

அந்த ஒரு பதிலில் ஆச்சி முடித்துவைத்த விவாதத்தை, உலகம் அதற்குப் பிறகும் முடித்தபாடில்லை. நிஜமா, பொய்யா என்ற கேள்வியை மறைத்து வைக்க அந்தத் தொழிலில் இருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மேடையில் பகைவர்களாக இருப்பவர்கள் வெளியே ஒரே காரில் போகக் கூடாது, ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. 1987 மே மாதம் நியூ ஜெர்சியில் போலீஸ் நிறுத்திய ஒரு காரில் ஜிம் டக்கனும் அயர்ன் ஷேக்கும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். போதைப்பொருள் வழக்கு ஒரு பக்கம் இருக்க, மேடையில் ஜென்மப் பகைவர்கள் ஒரே காரில் இருந்தது டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனத்துக்குப் பெரிய தலைகுனிவாகி இருவருக்கும் வேலை போனது. இரண்டே ஆண்டில், 1989இல், அதே நிறுவனம் அதே நியூ ஜெர்சி மாநிலத்தின் செனட்டிடம் போய், நாங்கள் நடத்துவது விளையாட்டுப் போட்டியல்ல, கேளிக்கை என்று தானாகவே சொன்னது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் அதற்கான வரியும் வேண்டாம் என்பதுதான் காரணம். அதாவது எங்கள் வீட்டுக்கு கேபிள் வருவதற்கு முன்பே ரகசியம் வெளியே வந்துவிட்டது. அது பாளையங்கோட்டைக்கு வந்துசேரத்தான் வருடங்கள் ஆயின.

இன்று என் மகளுக்குப் பதினொரு வயது. 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் இந்த நிகழ்ச்சிகள் நெட்ஃபிளிக்ஸில் வருகின்றன. சோபாவில் கால் நீட்டிப் பார்க்கிறாள். அதே ஆண்டு ஜூலையில் 'டபிள்யூ.டபிள்யூ.இ.: அன்ரியல்' என்ற தொடரையும் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது. எழுத்தாளர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து யார் ஜெயிக்க வேண்டும், யார் யாருக்குத் துரோகம் செய்ய வேண்டும் என்று பேசுவதையே படம் பிடித்துக் காட்டுகிற தொடர். எதைக் காப்பாற்ற ஒரு காலத்தில் வேலையைப் பறித்தார்களோ, அதுவே இன்று விற்பனைப் பண்டம். மகள் அதையும் பார்த்துவிட்டாள். வீரர்களின் இயற்பெயர், சம்சாரம், பிள்ளைகள், யார் யாருக்கு அறுவை சிகிச்சை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"யார் ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணிருவாங்கம்மா. எப்படி ஜெயிக்கிறாங்கங்கறதுதான் மேட்டரு" என்றாள். சொல்லி ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, ரியா ரிப்ளி முதுகில் அடிபட்டு விழுந்ததும் சோபா மேல் ஏறி நின்று கத்தினாள். ஆச்சியை அவள் பார்த்ததில்லை.

ஆகவே, ரகசியம் போனதால் ரசனை போய்விட்டது என்று என் வயதுக்காரர்கள் புலம்பும்போது எனக்கு ஒப்பவில்லை. போனது காத்திருப்பு. அமெரிக்காவில் நடந்து முடிந்து எத்தனையோ வாரம் கழித்துத்தான் எங்களுக்கு வரும். வருகிற நேரத்தில் கரண்ட் போகும். அன்றைக்கு யார் வீட்டில் கரண்ட் இருந்ததோ அவன்தான் மறுநாள் வகுப்பில் ராஜா. இடைவேளை முழுக்க அவன் சொல்லச் சொல்லக் கேட்போம். பார்த்ததைவிட இப்படிக் கேட்டதுதான் எனக்கு அதிகம் என்று நினைக்கிறேன். மைக் இல்லாமல், படம் இல்லாமல், ஒரு பையன் பெஞ்சுமேல் ஏறி நின்று நடித்துக் காட்டிய அண்டர்டேக்கரின் டூம்ஸ்டோன் பிடி, டிவியில் பார்த்ததைவிடப் பயங்கரமாக இருக்கும். இப்போது போட்டி முடிவதற்குள் துண்டு வீடியோ போனுக்கு வந்துவிடுகிறது. என் மகளின் தோழிகள் எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் அந்த நாட்களில் பார்க்க மட்டும்தான் எனக்கு அனுமதி, ஆட இல்லை. மொட்டை மாடியில் பழைய மெத்தையை விரித்து அண்ணனும் பெரியப்பா மகன்களும் மோதும்போது நான் எப்போதும் ரெஃப்ரி. தரையில் தட்டி ஒன், டூ, த்ரீ எண்ணுவேன். ஒருமுறை நானும் ஆடுகிறேன் என்று கேட்டபோது, பொம்பளைப் பிள்ளை உருண்டு புரளக் கூடாது என்று பெரியம்மா கீழே கூட்டிப் போய்விட்டார். பெரியம்மாவைக் குறை சொல்ல முடியாது; டிவியிலும் அதுதானே நடந்தது? 1995 டிசம்பரில், பெண்கள் சாம்பியனாக இருந்த அலுண்ட்ரா பிளேஸை நிறுவனம் கைவிட்டது. அவர் பட்டத்துப் பெல்ட்டோடு போட்டி நிறுவனத்தின் நேரடி நிகழ்ச்சிக்குப் போய், கேமரா முன்னால் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டார். 1998 செப்டம்பர் வரை அந்தப் பட்டத்துக்கு ஆளே நியமிக்கவில்லை. நான் ரெஸ்லிங் பைத்தியமாக இருந்த வயதில் பெண்களுக்கு என்று ஒரு பட்டமே இல்லாமல் இருந்திருக்கிறது. அது இல்லை என்பதையே நான் கவனிக்கவில்லை. அந்த அளவுக்கு அது இயல்பாக இருந்தது. பட்டம் திரும்பி வந்த காலத்திலோ, ஒருத்தி உடையை இன்னொருத்தி கிழிப்பதுதான் போட்டி. ஆச்சி உட்கார்ந்திருக்கிறாள் என்று அண்ணன் அவசரமாகச் சேனலை மாற்றுவான். அந்த நேரங்களில் நான் யார் முகத்தையும் பார்க்க மாட்டேன்.

2019 ஏப்ரல் 7 அன்று நியூ ஜெர்சியில் நடந்த ரெஸில்மேனியாவின் கடைசிப் போட்டி, நிகழ்ச்சியின் தலைப்புப் போட்டி, முதல்முறையாகப் பெண்களுடையது. பெக்கி லிஞ்ச், ரோண்டா ரௌஸி, ஷார்லட் ஃபிளேர். அதற்கு முன்பே, 2017இல், ஹரியானாவின் கவிதா தேவி சல்வார் கமீஸ் அணிந்து அதே நிறுவனத்தின் மேடையேறி, எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். 2025 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் இயோ ஸ்கை, ரியா ரிப்ளி, பியான்கா பெலேர் மூவரும் மோதிய போட்டியை மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். நான் பார்த்த ரெஸில்மேனியாக்களில் இதைவிடச் சிறந்த போட்டிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அன்றைய பெருமையைப் பேசும்போது இதை ஒளித்து வைத்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது.

இன்னொன்றையும் ஒளிக்கக் கூடாது. இயோ ஸ்கை ஜப்பானியர். ஜப்பானியராகவே வருகிறார், ஜப்பானிய மொழியிலேயே சீறுகிறார். எங்கள் காலத்து 'ஜப்பானிய சுமோ வீரர்' யோகோசூனா ஜப்பானியரே கிடையாது. சமோவா வம்சத்து அமெரிக்கர், ரோட்னி அனோவாயி. முகத்தில் வர்ணம் பூசி 'உகாண்டாவின் ராட்சசன்' என்று காட்டப்பட்ட கமாலா, மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹாரிஸ். அவரைப் பேசவே விடவில்லை. வயிற்றில் தட்டிக்கொண்டு உறும வேண்டும், அவ்வளவுதான். நாங்களும் சிரித்தோம். பின்னாளில் சர்க்கரை நோயில் இரண்டு கால்களையும் இழந்து, 2020இல் இறந்தார். இன்று யோகோசூனாவுக்கு ஒன்றுவிட்ட தம்பியான ரோமன் ரெயின்ஸ், கழுத்தில் சமோவாவின் சிவப்பு மாலையோடு அந்தக் குடும்பத்தின் தலைவராகவே மேடையேறுகிறார். அண்ணன் தம்பிப் பகை, பெரியவர் வாரிசு, பங்காளிச் சண்டை என்று நாலு வருஷம் ஓடிய அந்தக் கதையை எங்கள் ஆச்சி பார்த்திருந்தால் நகர்ந்திருக்கவே மாட்டாள். அண்ணன் செய்ய முடியாததைத் தம்பி தன் சொந்த முகத்தோடு செய்கிறார். இதைப் பார்க்க யோகோசூனா இல்லை. 2000 அக்டோபரில், லிவர்பூலில் ஒரு ஓட்டல் அறையில் இறந்துபோனார். வயது 34.

அதே 34 வயதில் ஓவன் ஹார்ட்.

பிரெட் ஹார்ட்டின் தம்பி. பொன்னிற முடி. 1994 ரெஸில்மேனியாவில் அண்ணனையே ஜெயித்த பிறகு அவர்மேல் எங்களுக்கெல்லாம் கோபம். என் அண்ணனுக்கு மட்டும் கோபத்தோடு ஒரு பிரியமும் இருந்தது. 1999 மே 23, கேன்சஸ் சிட்டி. நீல உடை, முகமூடி, சிறகுத் துணி எல்லாம் மாட்டி ஒரு வேடிக்கை சூப்பர் ஹீரோவாக, அரங்கத்தின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வர வேண்டும். கொக்கி நேரத்துக்கு முன்பே விடுபட்டுவிட்டது. கிட்டத்தட்ட 24 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார்.

பேப்பரில் சின்னதாகச் செய்தி வந்திருக்கிறது என்று அண்ணன் வந்து சொன்னபோது நாங்கள் யாரும் பதறவில்லை. சவப்பெட்டிக்குள் அடைத்தும் ஒருவர் திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். ஓவனும் வருவான், விளக்கணைந்து, இசை மாறி, ஏதாவது ஒரு புது முகமூடியோடு வருவான். வாரம் வாரம் உட்கார்ந்தோம். அந்தக் காத்திருப்பு எப்போது முடிந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. யாரும் யாரிடமும் சொல்லாமல், ஒரு கட்டத்தில் அவன் பெயரை எடுப்பது நின்றுபோனது.

ஆச்சிதான் கேட்டாள், அந்த மஞ்சமுடிப் பையனை எங்கே காணோம் என்று. அண்ணன் சொன்னான். அவன் விழுந்த பிறகும், அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அதே மேடையில் மிச்சப் போட்டிகளையும் நடத்தி முடித்தார்கள் என்பதையும் சொன்னான். ஆச்சிக்கு அது பிடிபடவே இல்லை. "தெருவுல ஒரு சாவு விழுந்தா சாமி கொடையையே தள்ளி வைப்போம்லா? இவனுவ கூத்த நிறுத்தலியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் ரெஸ்லிங் பார்க்க வந்து உட்காரவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

வெகுகாலம் கழித்து, கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகு, என் பழைய நாயகர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று ஒரு ஆவலில் தேடத் தொடங்கினேன். தேடியிருக்க வேண்டாம் என்று தோன்றும் அளவுக்கு இருந்தது. ரிக் ரூட் 40 வயதில் போயிருந்தார். பிரிட்டிஷ் புல்டாக் 39. மிஸ்டர் பெர்ஃபெக்ட் 44. பிக் பாஸ்மேன் 41. எர்த்க்வேக் 42. பாம் பாம் பிகலோ 45. ஜெயன்ட் கொன்சாலஸ் சொந்த ஊரில், சக்கர நாற்காலியில் கடைசி நாட்களைக் கழித்து, 44. ராண்டி சாவேஜ் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில், 58. அல்டிமேட் வாரியர் பல்லாண்டுப் பகை தீர்ந்து மேடைக்குத் திரும்பி வந்து கௌரவம் பெற்ற மூன்றாம் நாள், 54. பெரும்பாலும் இதயம்தான். உடம்பைப் பெருக்க ஸ்டீராய்டு, வலி தெரியாமல் இருக்க மாத்திரை, தூங்க ஒன்று, விழிக்க ஒன்று. வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஊர் ஊராகக் கார் ஓட்டி, ராத்திரிக்கு ராத்திரி பலகைமேல் முதுகில் விழுகிற வேலை. மற்ற விளையாட்டுகளுக்கு இருக்கும் ஓய்வுப் பருவம் இதற்கு இல்லை. அடிபட்டவன் ஓய்வெடுத்தால் அவன் இடத்தில் வேறொருவன். முடிவுகளை எழுதி வைத்திருந்தார்கள். முதுகில் விழுந்ததை யாரும் எழுதித் தீர்க்க முடியாது.

கார்டில் பைசெப்ஸ் எத்தனை அங்குலம் என்று ஒப்பித்தோமே, அந்த அங்குலங்கள் எதனால் வந்தன என்று இன்று தெரிந்த பிறகு எனக்கு அந்த எண்கள் கசக்கின்றன.

2005 நவம்பரில் எடி குரேரோ என்ற வீரர் 38 வயதில் ஓட்டல் அறையில் இறந்த பிறகுதான், 2006இல் நிறுவனம் ஒழுங்கான மருத்துவப் பரிசோதனை முறையைக் கொண்டுவந்தது. 2007 ஜூனில் கிறிஸ் பென்வா என்ற இன்னொரு வீரர் மனைவியையும் மகனையும் கொன்று தன்னையும் மாய்த்துக்கொண்டார். இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்தவர்கள், தலையில் வாங்கிய அடிகள் செய்திருந்த சேதத்தைக் கண்டு திகைத்தார்கள். தலையில் நாற்காலியால் அடிப்பது பிறகு தடை செய்யப்பட்டது. நாங்கள் கைதட்டிய விஷயம் அது. 1998 ஜூனில் கூண்டின் உச்சியிலிருந்து மேன்கைண்ட் என்ற வீரரை அண்டர்டேக்கர் தூக்கி எறிந்த காட்சியை எங்கள் வகுப்பே மாதக்கணக்கில் பேசியது. அதை அண்மையில் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். அவளுக்கும் பிடிக்கும் என்று நினைத்தேன். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, "அவங்க வீட்ல யாராவது இதைப் பாத்துட்டு இருந்திருப்பாங்களாம்மா?" என்று கேட்டாள்.

இன்று எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. வீரர்கள் இன்றும் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்ல, ஒப்பந்தக்காரர்கள்தான். அன்று ஐ.ஆர்.எஸ். வேடத்தில் வந்தவரின் மகன் பிரே வயட், 2023 ஆகஸ்டில் 36 வயதில் மாரடைப்பில் இறந்தார். எல்லாவற்றையும் கட்டி ஆண்ட வின்ஸ் மக்மேன், பாலியல் கொடுமைப் புகார் வழக்குக்குப் பிறகு 2024 ஜனவரியில் பதவி விலக நேர்ந்தது. ரா என்ற வாராந்திர நிகழ்ச்சியை நெட்ஃபிளிக்ஸ் பத்து ஆண்டுக்கு 500 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியிருக்கிறது. மேடைத் தரையில்கூட விளம்பரம். பணம் பெருகிய அளவுக்கு அதை விழுந்து சம்பாதித்துக் கொடுப்பவர்களின் பாதுகாப்பும் பெருக வேண்டும். ஆனாலும் கூரையிலிருந்து ஒருவனைக் கயிற்றில் இறக்கிவிட்டு, அவன் விழுந்த மேடையிலேயே அடுத்த போட்டியை நடத்தும் துணிச்சல் இன்று யாருக்கும் வராது என்று நம்புகிறேன். போட்டி நிறுவனமான ஏ.இ.டபிள்யூ. 2022 முதல் ஓவன் பெயரிலேயே ஆண்டுதோறும் கோப்பை நடத்துகிறது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று.

2025 டிசம்பர் 13 அன்று வாஷிங்டனில் ஜான் சீனாவின் கடைசிப் போட்டி. இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. சீனா என் குழந்தைப் பருவத்து ஆள் அல்ல. அண்ணன் வேலைக்குப் போன பிறகும் விடாமல் பார்த்துப் பிடித்துக்கொண்ட ஆள். எதிரே குந்தர். கழுத்தைப் பிடித்து இறுக்க இறுக்க, ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று இருபது வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்த மனிதர், தட்டிவிட்டார். தோல்வி. அரங்கத்தில் கூச்சல். போகிறவன் வருகிறவனிடம் தோற்றுவிட்டுப் போவது அந்தத் தொழிலின் பழைய முறை. அதில் எனக்குக் குறை தெரியவில்லை.

திருநெல்வேலியிலிருந்து அண்ணன் உடனே கூப்பிட்டான். ஐம்பதை நெருங்கும் மனிதன், தொண்டை அடைத்துப் பேசினான்.

"ஏட்டி, பாத்தியா? கடைசியில தோத்துட்டாம்லா."

"48 வயசுண்ணே அவனுக்கு. தன் கால்ல நடந்துல்லா வீட்டுக்குப் போறான்."

"அதுக்காக? ஜெயிச்சுட்டு நடக்கக் கூடாதா?" என்றான். மகள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "மாமா, குந்தர் ஜெயிச்சாத்தான் அடுத்த வருஷம் கதை நகரும், யோசிச்சுப் பாருங்க" என்று ஆரம்பித்தாள். இருவரும் முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். இட்லி ஆறிவிட்டது.